பயணங்களில் சந்தித்த மனிதர்கள் வழியாகச் சமூகத்தைப் பற்றி நீங்கள் புரிந்துகொண்டது என்ன?

பயணம் மனத்தை விசாலமாக்கும், முன்பின் தெரியாத பத்துப் பேர் ஒரே பெட்டியில் ஏறிவிட்டால் ஏற்றத்தாழ்வெல்லாம் மறைந்துவிடும் என்று பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் பாதி நம்பிக்கைகூடக் கிடையாது. பின்னலாடை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். அதற்காக ரயிலில் அலைந்ததில் ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிகிறது. சமூகத்தை வீட்டில் விட்டுவிட்டு யாரும் வண்டி ஏறுவதில்லை. மூட்டையோடு மூட்டையாக அதுவும் கூடவே வருகிறது.

முதலாவதாக, யாரைச் சந்திக்கப்போகிறோம் என்பதையே டிக்கெட் தீர்மானித்துவிடுகிறது. இரண்டடுக்கு ஏசியில் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். எதிரில் இருப்பவரின் குறட்டையைத் தவிர வேறெதுவும் தெரியாமல் ஆயிரம் கிலோமீட்டர் போய்விடலாம். ஸ்லீப்பரில் அது நடக்காது. இரவு 10 மணிக்கு முன்பு நடுப் படுக்கையைத் தூக்கி மாட்டக் கூடாது என்பது விதி. அதுவரை மூன்று பேரும் ஒரே பலகையில் முட்டி இடிக்க உட்கார்ந்துதான் ஆகவேண்டும். பேச்சு அங்கேதான் பிறக்கிறது. ஆர்ஏசி, அதாவது முழுப் படுக்கை கிடைக்காமல் உட்கார மட்டும் இடம் உறுதியான டிக்கெட், இன்னும் விசேஷம். பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை ஒன்றை ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேருக்குப் பாதிப் பாதியாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஒருவர் கால் நீட்டினால் மற்றவர் மடக்க வேண்டும். டிக்கெட் பரிசோதகர் வந்து யாராவது ஒருவருக்கு வேறு படுக்கை ஒதுக்குவதற்குள் மனிதரின் குணம் முழுக்கத் தெரிந்துவிடும். நான் பார்த்தவரை, நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்தான் முதலில் காலை நீட்டுகிறார்.

முன்பதிவில்லாப் பெட்டியில் இந்தப் பேரத்துக்கே இடமில்லை. சாமான் வைக்கும் பலகையில் இரண்டு பேர், இரண்டு பலகைகளுக்கு நடுவே லுங்கியைத் தூளி கட்டி அதில் ஒருவர், கழிவறை வாசலில் ஒரு குடும்பம். 1917இல் காந்தி, பம்பாயிலிருந்து மதராஸுக்கு மூன்றாம் வகுப்பில் வந்ததைப் பற்றி எழுதினார். 22 பேருக்கான பெட்டி என்று எழுதியிருந்ததாம். அதற்கு மேல் ஏறியவர்கள் பட்ட பாட்டை விவரித்துவிட்டு, முதல் வகுப்புக்காரர் ஐந்து மடங்கு கட்டணம் கொடுக்கிறார் என்றால் மூன்றாம் வகுப்புக்காரருக்கு அந்த வசதியில் ஐந்தில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்காவது கிடைக்கிறதா என்று கேட்டார். மூன்றாம் வகுப்பு என்பதை 1974இல் எடுத்துவிட்டார்கள். பெயரைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது, கேள்விகள். உடன் வருபவர் சொல்வதைவிட அவர் கேட்பதில்தான் சமூகம் அதிகமாக வெளிப்படுகிறது. தமிழ்நாட்டுக்குள் ஓடும் வண்டிகளில் இந்தக் கேள்வி வரிசை எனக்கு மனப்பாடம். எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? அங்கே இன்னாரைத் தெரியுமா? குலதெய்வம் எங்கே இருக்கிறது? எல்லாம் மரியாதையாக, சும்மா பொழுதுபோக்காகக் கேட்பதுபோல வரும். சாதி என்ற சொல் மட்டும் கடைசிவரை வாயில் வராது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானித்தது. அது பெரிய காரியம், சந்தேகமில்லை. பெயரில் தெரியாமல் போனதால் விசாரிக்கிறவர்கள் இன்று சுற்றுவழியில் வரவேண்டியிருக்கிறது.

வடக்கே அந்தச் சிரமம் இல்லை. பாட்னா பக்கம் ஒரு பெரியவர் என் பெயரைக் கேட்டார், சொன்னேன். முழுப் பெயர் என்றார். முன்னெழுத்தை விரித்து அப்பா பெயரைச் சேர்த்துச் சொன்னேன். அது உன் அப்பா பெயர், உன் முழுப் பெயர் என்ன என்றார். அவ்வளவுதான் ஐயா என்றேன். என்னை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தெரியாமல் அவர் தடுமாறியதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஊர் திரும்பும்போது சேலத்தில் ஏறிய ஒருவர், ‘உங்கள் ஊரில் எந்தத் தெரு தம்பி?’ என்று கேட்கும்வரை அந்தப் பெருமை நீடித்தது.

பெண்களுக்கு முதல் கேள்வியே வேறு: ‘தனியாகவா போகிறீர்கள்?’ என் மனைவி வேலை நிமித்தமாக அடிக்கடி ரயிலில் போகிறவள். அடுத்த ஸ்டேஷனில் வீட்டுக்காரர் ஏறிக்கொள்வார் என்று சொல்லிவிடுவாள். எத்தனையோ ஸ்டேஷன்களில் நான் அப்படி ஏறாமல் இருந்திருக்கிறேன். முன்பின் தெரியாதவரிடம் மனம்விட்டுப் பேசும் சுகத்தைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

அந்தச் சுகமும் உண்மைதான். இனி இவனைப் பார்க்கப்போவதே இல்லை என்ற தைரியத்தில் சிலர் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். மதுரை போகும் வண்டியில் ஒருவர், தம்பியோடு நடக்கும் பாகப்பிரிவினை வழக்கில் ஆரம்பித்து மகளிடம் வந்து நின்றார். வேறு சாதியில் கட்டிக்கொண்டு போய்விட்டாள், பேச்சுவார்த்தை இல்லை என்றார். ஆனால் பேரனுக்கு எத்தனை மாதம், எத்தனை பல் முளைத்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. யார் மூலமாகவோ விசாரித்து வைத்திருந்தார். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன் ஐயா என்றேன். ‘போகலாம், ஊர் என்ன சொல்லும்?’ என்று கேட்டார். அந்தப் பெட்டியில் அவர் ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. இருந்தும் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

இவர்கள் எல்லோரையும்விட என்னை அதிகம் யோசிக்க வைத்தவர்கள், தாங்கள் செய்வதைப் பயணம் என்றே நினைக்காதவர்கள். திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கும் மேல் போகிறது, மூன்று நாட்களுக்கு மேல் ஆகிறது. இந்தியாவிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில் என்று அதில் ஏறி வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். அதே வண்டியில் கதவோரம் நிற்கும் அசாம் பையனுக்கு அது வேலைக்குப் போகும் வழி. தன்பாத்திலிருந்து ஆலப்புழைக்கு வரும் எக்ஸ்பிரஸும் அப்படித்தான். ஜார்க்கண்ட், ஒடிசா, ஆந்திரம் கடந்து காட்பாடி, சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை என்று தொழில் நகரங்களாகப் பார்த்து நிற்கும்.

ஒருமுறை விஜயவாடாவில் வேலை முடிந்து, வேறு டிக்கெட் கிடைக்காமல் அந்தத் தன்பாத் வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினேன். ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்துப் பையன் ஒருவன் நகர்ந்து இடம் கொடுத்தான். திருப்பூரில் சில வருடங்களாக இருக்கிறானாம், விடுமுறைக்குப் போய்விட்டுத் திரும்புகிறான். தமிழ் பேசினான். ஓவர்லாக், பேட்லாக் என்ற தையல் இயந்திரப் பெயர்கள், ஒன்றரை ஷிஃப்ட், சனிக்கிழமைச் சம்பளம் எல்லாம் தடையில்லாமல் வந்தன. வீட்டில் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். திணறினான், இந்திக்குப் போனான். என் இந்தி அதற்குப் போதவில்லை. அத்தனை காலம் நம்மிடையே இருந்தவனோடு நாம் இயந்திரத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் மட்டும்தான் பேசியிருக்கிறோம்.

அவனோடு ஒரு கூட்டமே வந்தது. 1979இல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக வந்த மத்தியச் சட்டம் ஒன்று இருந்தது. ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் தொழிலாளிக்குப் போக வரக் கட்டணத்தை அவரே கொடுக்க வேண்டும், வழியில் கழியும் நாட்களுக்கும் கூலி உண்டு என்று அது சொன்னது. அந்தக் கணக்குப்படி, அந்தப் பெட்டியில் நசுங்கிக்கொண்டு வருவதும் வேலை நேரம்தான். எனக்குத் தெரிந்த இந்தியில் இதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டிவந்த மேஸ்திரிதான் அதிகம் சிரித்தார்.

நல்ல மனம் படைத்தவர்களே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறார்கள். அதே வண்டியில் காட்பாடியில் ஏறிய ஐயா ஒருவர் அந்தப் பையன்களைப் பார்த்துவிட்டுத் தன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். வேண்டாம் என்றவர்களையும் அதட்டிச் சாப்பிட வைத்தார். ஜோலார்பேட்டையில் இறங்கித் தண்ணீர் பாட்டில் வாங்கிவந்தார். பேச்சுவாக்கில், திருப்பூரில் தனக்கு லைன் வீடுகள் இருப்பதாகச் சொன்னார். இவர்களுக்கு வாடகைக்கு விடுவீர்களா என்று கேட்டேன். ‘அது சரிப்பட்டு வராது தம்பி. நம் ஆட்களுக்கே நன்றாக விசாரித்துத்தான் விடுகிறேன்’ என்றார். நம் ஆட்கள் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. என்னையும் ஏற்கெனவே ஊர், தெரு எல்லாம் விசாரித்து முடித்திருந்தார்.

அவர் நடிக்கவில்லை. அந்தப் பையன்களின் பசி அவரை உண்மையாகவே வருத்தியது. பசியாற்றிவிட்டு அவரவர் வழியில் இறங்கிப் போய்விடலாம். வீடு கொடுத்தால் மாதாமாதம் முகம் பார்க்க வேண்டும், அவர்கள் சமைக்கும் வாசனை வரும், பண்டிகை வரும், அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த அளவுக்கு அவர் தயாராக இல்லை. இரண்டு வீடுகள் பல மாதங்களாகப் பூட்டிக் கிடப்பதையும் அவரேதான் சொன்னார்.