ஜெய்ப்பூர் இலக்கியத் திருவிழாவைத் தொடங்கியது யார், இப்போது நடத்துவது யார்? சென்னையிலிருந்து போவதில் பயன் உண்டா?

கண்டிப்பாகப் போங்கள். ஆங்கிலம் சரளமாக வராதே என்ற தயக்கத்தில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த நானே போய் வந்தேன்.

2006இல் ஜெய்ப்பூர் விராசத் அறக்கட்டளையின் பாரம்பரிய விழாவில் ஒரு பகுதியாக இது ஆரம்பித்தது. அந்த அமைப்பின் ஃபெய்த் சிங் எடுத்த முயற்சி. முதல் ஆண்டு வந்தவர்கள் நூறு பேர் அளவுதான். 2008இல் தனி விழாவானது. இயக்குநர்கள் நமிதா கோகலேயும் வில்லியம் டால்ரிம்பிளும், இருவருமே எழுத்தாளர்கள். ஏற்பாடுகளைச் செய்வது சஞ்சோய் ராயின் டீம்வொர்க் ஆர்ட்ஸ். யார் பேசுவது என்பதை எழுதுகிறவர்களே முடிவு செய்வதால்தான் விழா நிமிர்ந்து நிற்கிறது என்பது என் கருத்து. கார்ப்பரேட் பணம், பிரபலங்களின் கூட்டம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். டிக்கி அரண்மனையில் நடந்த காலத்தில் ரயில்வே பாஸில் போனேன். அப்போது நுழைவு இலவசம். சீருடை போட்ட பள்ளிப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். எழுந்து பின்னால் போ என்று யாரும் சொல்லவில்லை.

அந்தத் தைரியத்தில், ஊர் திரும்பியதும், இங்கே விழா நடத்தும் ஓர் அமைப்பிடம் எங்கள் வியாசர்பாடி வாசகர் வட்டம் சார்பாகப் போனோம். ஒரே ஓர் அமர்வை எங்கள் பக்கம் வையுங்கள். இடம், நாற்காலி, மைக்செட் எல்லாம் எங்கள் செலவு என்றோம். "அந்த ஏரியாவுக்கெல்லாம் எழுத்தாளர்களைக் கூட்டி வர முடியாது சார், பாதுகாப்புப் பிரச்சினை" என்றார் பொறுப்பாளர். கூட வந்திருந்த கல்லூரிப் பெண்ணுக்கு அந்த ஏரியாதான் வீடு. "நாங்க தினமும் அங்கதானே சார் இருக்கோம், எங்களுக்கு யார் பாதுகாப்பு?" என்று கேட்டாள். அவரிடம் பதில் இல்லை.

தென்சென்னை மேல் பொறாமை என்பார்கள். கிடையாது. புத்தகக் காட்சிக்கு வருஷா வருஷம் நந்தனம் வரை சந்தோஷமாகத்தான் போகிறோம். வள்ளலார் வாழ்ந்த வீடு ஏழுகிணறு வீராசாமித் தெருவில் இருக்கிறது. அப்படிப்பட்ட வடசென்னையை, படிக்காதவர்கள் ஊர், அடிதடி ஊர் என்று ஒதுக்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நூறு பேர் வந்த விழா அங்கே அவ்வளவு பெரிதாகியிருக்கிறது. எங்கள் வட்டத்தின் சாதாரண ஞாயிறு கூட்டத்துக்கே மீன் மார்க்கெட்டில் வேலையை முடித்துவிட்டு நேராக வந்து உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2022 முதல் கிளார்க்ஸ் ஆமேர் ஹோட்டலில் நடக்கிறது. நிகழ்ச்சிநிரல் வந்ததும் இந்திய மொழி அமர்வுகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பெயர்கள் பேசும் பந்தலில் இடம் கிடைப்பது கஷ்டம், அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். ஜனவரியில் காலைக் குளிர் நம் உடம்புக்குத் தாங்காது, ஸ்வெட்டர் அவசியம்.