டார்ச் பிடிக்கத் துடிக்கும் பையனை எதில் சேர்ப்பது?

பத்தாவது முடித்த மகன், "டிப்ளமோ வேண்டாம், வெல்டிங்தான் கத்துக்கணும்" என்று ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள், அம்மா. லீவில் பக்கத்துப் பட்டறையில் கேஸ் டார்ச் (வாயுச் சுடரால் உலோகத்தை உருக்கி ஒட்டும் கருவி) பிடித்துப் பார்த்தானாம். அன்றிலிருந்து இதே பேச்சாம். திட்டாதீர்கள். அதற்காக, கேட்டவுடன் வெல்டர் டிரேடில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடவும் வேண்டாம்.

ஆக்சிஜனும் அசிட்டிலினும் கலந்து எரியும் சுடர் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரும்பு உருக 1,538 டிகிரி, செம்புக்கு 1,085, அலுமினியத்துக்கு 660 போதும். ஆக, சூட்டுக்குப் பஞ்சமில்லை. அதை அடக்கி ஆளத்தான் பழக வேண்டும். வால்வை லேசாகத் திருப்பினாலே சுடரின் குணம் மாறிவிடும். அசிட்டிலின் கூடினால், சுடரின் நடுவே பளிச்சென்று தெரியும் உள்கூம்பைச் சுற்றி வெளிறிய இறகு போல ஒன்று நீளும். அது சுருங்கிச் சுருங்கிக் கூம்போடு சேர்ந்து மறைகிற இடம்தான் இரும்புக்குச் சரியான சுடர். பித்தளைக்கு ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள், இல்லாவிட்டால் அதிலுள்ள துத்தநாகம் புகையாய்ப் போய்விடும். அலுமினியம் பெரிய தொல்லை: சிவந்து எச்சரிக்காமலே பொசுக்கென்று ஒழுகிவிடும். பையனுக்கு இதற்கான பொறுமை இருக்கிறதா என்று அந்தப் பட்டறைக்காரரிடமே கேளுங்கள். மார்க் ஷீட்டைவிட அவர் வார்த்தையை நான் நம்புவேன்.

சரி, வேலைக்கு வருவோம். கேஸ் வெல்டிங் மட்டும் தெரிந்தவருக்குப் பெரிய ஆலைகளில் அதிகம் இடமில்லை. பாய்லர், குழாய், கட்டுமான வேலையெல்லாம் ஆர்க், மிக், டிக் என்ற மின்சார வெல்டிங் முறைகள் பக்கம் போய் ரொம்ப காலமாகிறது. டார்ச் இன்றும் அன்றாடம் எரிவது தகடு வெட்டும் இடத்திலும், நகைப் பட்டறையிலும், ஏசி, ஃப்ரிட்ஜ் செம்புக் குழாய்களை பிரேசிங் செய்யும் (குழாயை உருக்காமல், வேறு உலோகத்தை உருக்கி ஊற்றி ஒட்டும்) இடத்திலும்தான். கடைசியாகச் சொன்னதில் ஊர்தோறும் வேலை இருக்கிறது.

ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) வெல்டர் ஒரு வருடப் படிப்பு; ஏசி டெக்னீஷியன் இரண்டு வருடம், அதிலும் கேஸ் பிரேசிங் உண்டு. பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அவன் டார்ச்சும் பிடிக்கலாம், உங்கள் டிப்ளமோ ஆசையும் வீண்போகாது. என் ஓட்டு இதற்குத்தான். வெல்டர்தான் என்று அடம்பிடித்தால் அதுவும் மோசமில்லை. ஆனால் டிக் வெல்டிங்கையும் கற்று, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். திருச்சி பெல் (பிஹெச்இஎல்) நிறுவன வளாகத்தில் உள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கான பயிற்சிகள் நடக்கின்றன.

ஆபத்து உண்டா என்றால், உண்டு. அசிட்டிலின் சிலிண்டரைப் படுக்கவைத்துப் பயன்படுத்தக் கூடாது. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படக் கூடாது, தீப்பிடித்துவிடும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பைச் சூடாக்கினால் வரும் புகை காய்ச்சலில் தள்ளும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வேலை செய்யவிடும் பட்டறை என்றால் இனி அவனை அங்கே அனுப்பாதீர்கள்.

சேர்க்கைக்கு முன் ஐடிஐக்கு நேரில் போய், பயிற்சிக்கூடத்தைப் பார்க்கக் கேளுங்கள். சிலிண்டரில் ஹோஸ் மாட்டியிருக்கிறதா, மாணவர்கள் பற்றவைத்துப் பழகிய துண்டுகள் மூலையில் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மூலை காலியாக இருந்தால் வேறு ஐடிஐ தேடுங்கள்.