ஒரு ஜெர்மன் குடும்பப்பெயருக்கு ஒரே ஒரு குலச்சின்னம்தானா?

இல்லை. குலச்சின்னம் என்பது கேடய வடிவில் வரையப்படும் அடையாளம். அது பெயருக்கு உரியதல்ல, அதைப் பெற்றவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. ஒரே கம்பெனி பைக் தெருவில் நூறு ஓடும், நம்பர் பிளேட் மட்டும் வேறு வேறு இல்லையா, அப்படி.

ஜெர்மனியின் புகழ்பெற்ற வணிகக் குடும்பமான ஃபுக்கர்களையே பாருங்கள். 1367-ல் ஹான்ஸ் ஃபுக்கர் என்ற நெசவாளர் கிராபன் கிராமத்திலிருந்து ஆக்ஸ்பர்க் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். நகரத்தின் வரிப் புத்தகத்தில் அந்த வருகை பதிவாகியிருக்கிறது. அவருடைய மகன்கள் ஆண்ட்ரியாஸ், யாக்கோப் வழியில் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. ஆண்ட்ரியாஸின் பிள்ளைகளுக்குப் பேரரசர் மூன்றாம் ஃபிரெட்ரிக் 1462-ல் மான் சின்னம் கொடுத்தார். யாக்கோபின் பிள்ளைகளுக்கு அதே பேரரசர் 1473-ல் லில்லிச் சின்னம் கொடுத்தார்: பாதி பொன், பாதி நீலம், ஒவ்வொரு பாதியிலும் எதிர் நிறத்தில் ஒரு பூ. ஆக, ஒரே தாத்தா, ஒரே பெயர், இரண்டு சின்னம். அப்புறம் மான் வழி கடனில் நொடித்துப்போனது. லில்லி வழியில் வந்தவர்தான், அந்த யாக்கோபின் மகனும் பெரும் வங்கியாளருமான 'பணக்கார' யாக்கோப் ஃபுக்கர்.

ஷ்மிட் (கொல்லர்), முல்லர் (மாவு அரைப்பவர்) போன்ற தொழிற்பெயர்கள் ஊருக்கு ஊர் தனித்தனியாக முளைத்தவை. அங்கே பெயரை மட்டும் வைத்துச் சின்னம் தேடுவது வீண் வேலை.

சின்னம் இருந்தாலே பிரபு வம்சம் என்று பலர் நம்புகிறார்கள். அதுவும் தவறு: ஜெர்மன் நகரங்களில் வணிகர்களும் கைவினைஞர்களும்கூடச் சின்னம் வைத்திருந்தார்கள், லில்லி கிடைத்தபோது ஃபுக்கர்களும் வெறும் வணிகர்கள்தான்.