தராசில் ஏறும் லென்ஸ் விதி

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் செம்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டு லென்ஸ் விதியை (தூண்டப்படும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கும் மாற்றத்தையே எதிர்க்கும் என்பதை) காட்டினேன். மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் மாணவர்கள், "சுவத்துல உரசிக்கிட்டு வருது சார், அதான்" என்கிறார்கள். தூண்டல் விசைதான் என்று எப்படிக் காட்டுவது?

பதில்: நியாயமான சந்தேகம்தான். அதே பருமனுள்ள இரும்புத் துண்டை அதே குழாயில் போடுங்கள், டொப்பென்று விழும். பாதி வகுப்பு அதிலேயே ஒத்துக்கொள்ளும். மீதிப் பாதிக்கு ஒரு டிஜிட்டல் சமையலறைத் தராசு வேண்டும்.

காந்தம் நியோடிமியமாக இருக்கட்டும். கறுப்பு ஃபெரைட் காந்தம் இதற்குப் போதாது. 15 மி.மீ. விட்டமும் அதே உயரமும் உள்ள உருளை ஏறத்தாழ 20 கிராம் இருக்கும். ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கும் முக்கால் அங்குலச் செம்புக் குழாய் இதற்குப் பொருந்தும். அதில் 40 செ.மீ. வெட்டி, 15 செ.மீ. உயரத் தெர்மோகோல் கட்டையில் செருகித் தராசின்மேல் நிறுத்துங்கள். கட்டை உயரமாக இல்லாவிட்டால் காந்தம் தராசின் உள்பாகங்களைப் பாதித்து எண் தாறுமாறாக ஓடும்.

இனி முக்கியமான வேலை. ஓஹெச்பி தாளை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) சுருட்டி, காந்தம் தாராளமாக நழுவும் அளவுக்கு ஒரு குழல் செய்து செம்புக்குள் இறக்குங்கள். நீளம் போதாவிட்டால் இரண்டு தாள்களை ஒட்டிக்கொள்ளலாம். குழலின் மேல்முனையை ஸ்டாண்டில் கவ்வவிடுங்கள். அடிமுனை கட்டையைத் தொடாமல் ஒரு விரல் அளவு மேலே தொங்க வேண்டும். தராசைப் பூஜ்யமாக்கிவிட்டுக் காந்தத்தை விடுங்கள். குழாயில் கை படக்கூடாது.

இப்போது காந்தம் உரசுவதாக இருந்தாலும் பிளாஸ்டிக்கைத்தான் உரசும். அந்தப் பாரம் ஸ்டாண்டுக்குப் போகும். ஆனால் காந்தம் இன்னும் அந்தரத்தில் இருக்கும்போதே தராசு கிட்டத்தட்ட 20 கிராம் காட்டும்! விழும் காந்தத்தால் செம்பில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அது காந்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. காந்தமும் குழாயை அதே அளவு கீழே தள்ளுகிறது. முற்றுத்திசைவேகத்தை, அதாவது வேகம் மேலும் கூடாத நிலையை, எட்டியதும் இந்த விசை காந்தத்தின் எடைக்குச் சமம். நியூட்டனின் மூன்றாம் விதியும் கூடவே வந்துவிடுகிறது.

தடையின்றி விழுந்தால் 40 செ.மீ. கடக்க 0.3 விநாடிக்கும் குறைவு. உங்கள் காந்தம் இரண்டு விநாடியாவது எடுக்கவேண்டும், தராசுக்கு நிதானிக்க நேரம் வேண்டுமே. வேகமாக விழுந்தால் குழாய்ச் சுவர் மெலிது என்று அர்த்தம். சுவர் தடித்த குழாய் தேடுங்கள், அல்லது நீளத்தைக் கூட்டுங்கள். பித்தளை வேண்டாம், அதன் மின்தடை எண் செம்பைப்போல மூன்று நான்கு மடங்கு.

அப்புறம், குழாயை நெடுகக் கீறிவிட்டால் விசை மறைந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். குறையும், ஆனால் மறையாது. காந்தத்துக்கு மேலும் கீழும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால், கீறலின் ஓரமாகவே ஏறி இறங்கிச் சுற்றை முடித்துக்கொள்ளும். கீறலின் விளைவைத் தெளிவாகக் காட்டவேண்டுமானால், மாறுதிசை மின்னோட்டச் சுருளின்மேல் துள்ளும் அலுமினிய வளையம்தான் சரி. அதை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் துள்ளாது.