கணக்குக் கேட்டால் கலகமா?

கேள்வி: எங்கள் சபையில் கட்டட நிதிக்குக் கணக்குக் கேட்ட ஓர் அண்ணனை, "ஆடு தன் மேய்ப்பனை எதிர்க்கலாமா? அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று பாஸ்டர் ஞாயிறு ஆராதனையிலேயே கடிந்துகொண்டார். மேய்ப்பரிடம் கேள்வி கேட்பது பாவமா?

பதில்: பாவமே இல்லை. அந்த அண்ணன் கேட்டது நியாயம். திருப்பிப் பதில் பேச முடியாத இடத்தில் வைத்து அவரை அவமானப்படுத்தியதுதான் தப்பு.

முதலில் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்ற அந்த வசனத்துக்கு வருவோம். சங்கீதம் 105-ஐ 12-ஆம் வசனத்திலிருந்து நிதானமாக வாசித்துப் பாருங்கள். கொஞ்சம் பேராக, பரதேசிகளாக, தேசம் தேசமாக அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தைப் பற்றித்தான் அங்கே பேச்சு. அவர்கள்மேல் கை வைக்காதே என்று கர்த்தர் எச்சரித்தது ராஜாக்களை. எளியவனைக் காப்பாற்றச் சொன்ன வசனத்தை, மைக் கையில் இருப்பவர் கேள்வி கேட்ட ஒரு விசுவாசியின் வாயை அடைக்க எடுக்கிறார் என்றால், மனசு வலிக்கிறது.

மேய்ப்பர் என்ற பெயரில் அதிகாரம் தேடுகிறவர்கள் எசேக்கியேல் 34-ஐ ஏன் தாண்டிப் போகிறார்கள்? கொழுத்ததை அடித்துத் தின்று, ஆட்டுமயிரை உடுத்திக்கொண்டு, நோய்ப்பட்டதைக் குணமாக்காமலும் எலும்பு முறிந்ததைக் கட்டாமலும் காணாமல் போனதைத் தேடாமலும் இருந்த மேய்ப்பர்களிடம்தான் கர்த்தர் அங்கே கணக்குக் கேட்கிறார், ஆடுகளிடம் அல்ல. ஆடுகள் அவருடையவை. திபேரியா கடலோரத்தில் இயேசு பேதுருவிடம் மூன்று தரம் மேய்க்கச் சொன்னபோதும் தம்முடைய ஆடுகளைத்தான் ஒப்படைத்தார், பேதுருவுக்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை. பேதுருவுக்கும் அது நன்றாகப் புரிந்திருந்தது. சபையை நடத்தும் மூப்பர்களுக்கு எழுதும்போது தன்னையும் உடன்மூப்பன் என்றே சொல்லி, ஆதாயத்துக்காக மேய்க்காதீர்கள், இறுமாப்பாய் ஆளாதீர்கள் என்கிறார் (1 பேதுரு 5).

பணவிஷயத்தில் பவுலைப் பாருங்கள். யூதேயாவின் ஏழை விசுவாசிகளுக்காகச் சேர்த்த காணிக்கையில் தன்மேல் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று, சபைகளே தெரிந்தெடுத்த சகோதரனையும் தன் உடன் ஊழியனான தீத்துவோடு அனுப்புகிறார் (2 கொரிந்தியர் 8). அப்போஸ்தலனே இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார், நம் பாஸ்டர்மார் இருக்கக் கூடாதா?

ஒரு விஷயம்: மூப்பர்மேல் வரும் புகாருக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது 1 தீமோத்தேயு 5:19. அதனால் திருட்டுப் பட்டம் கட்ட அவசரப்படாதீர்கள், ஊரெல்லாம் பேசவும் வேண்டாம். ஆனால் கணக்குக் கேட்பது புகார் ஆகாது. அந்த அண்ணனைத் தனியாக விடாமல் நாலு பேர் சேர்ந்து பாஸ்டரை வீட்டில் போய்ப் பாருங்கள். மரியாதையாகவே ரசீதுப் புத்தகத்தையும் பாஸ்புக்கையும் கேளுங்கள். தராவிட்டால் மூப்பர் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள்.