சைன் கணக்கில் பாதி விடை எங்கே போகிறது?

கேள்வி: நாங்கள் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன என் மகள் இப்போது படிவம் 5, அதாவது இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. கூடுதல் கணிதத்தில் மற்ற பாடங்களைச் சமாளித்துவிடுகிறாள். திரிகோணமிதி மட்டும் வராது. சூத்திரம் கேட்டால் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். சமன்பாட்டைக் கொடுத்தால் எப்போதும் பாதி விடைதான், பாதி மார்க்தான். டியூஷன் ஏஜென்ட் ஒருவர் படிவம் 5 முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வு வரைக்கும் 6 மாதப் பேக்கேஜ், 40 குறுக்குச் சூத்திரம், தேர்வில் வரும் என்று ஊகித்துக் கொடுக்கும் ஸ்பாட் கேள்விகள் எல்லாம் சேர்த்து 1,800 வெள்ளி (ரிங்கிட்), ஏ கிடைப்பது உறுதி என்கிறார். பணம் முழுவதையும் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். கட்டலாமா?

பதில்:

அம்மா, பணத்தைக் கட்டாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் மகளின் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் நீங்களே அறியாமல் நோயை உங்கள் கடிதத்தில் சரியாக எழுதிவிட்டீர்கள்: பாதி விடை.

ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு விடையே வராது. கவனமில்லாத பிள்ளைக்கு ஒரு நாள் சரியாக வரும், ஒரு நாள் தப்பாக வரும். எப்போது பார்த்தாலும் பாதி விடை வருகிறது என்றால் அந்தப் பிள்ளைக்கு இயற்கணிதம் நன்றாக வருகிறது, முற்றொருமைகளும் (எந்தக் கோணத்துக்கும் பொருந்தும் சமன்பாடுகள்) தெரியும், ஒரே ஒரு இடத்தில் மட்டும் பார்வை குறுகியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு 6 மாதம் தேவையில்லை. சரியாக உட்கார்ந்தால் இரண்டு, மூன்று வாரம் போதும்.

பார்வை ஏன் குறுகியது? படிவம் 3இல் திரிகோணமிதியைச் செங்கோண முக்கோணத்தை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். சைன் என்றால் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுப்பது, கோஸ் என்றால் அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுப்பது. அந்த முக்கோணத்தில் நாம் எடுக்கும் கோணம் 90 பாகையைத் தாண்டவே தாண்டாது. ஒரு விகிதத்துக்கு ஒரு கோணம்தான். இரண்டு வருஷம் கழித்து, 0 முதல் 360 வரை எல்லா விடையும் எழுது என்று கேட்கிறார்கள். பிள்ளையின் மனதில் இன்னும் அந்தச் சின்ன முக்கோணம்தான் இருக்கிறது. ஒரு விடை கண்டதும் வேலை முடிந்தது என்று பேனாவை மூடிவிடுகிறாள்.

அவளிடம் முக்கோணத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, திருவிழாவில் சுற்றும் ராட்டினத்தை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ராட்டினத்தின் ஆரம் 1 என்று வைத்துக்கொள்வோம். வலது பக்கத்தில், கடிகாரத்தில் 3 இருக்கும் இடத்தில் ஏறி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறோம். நடு அச்சிலிருந்து நம் இருக்கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் சைன். எவ்வளவு வலது பக்கம் அல்லது இடது பக்கம் தள்ளியிருக்கிறதோ, அதுதான் கோஸ். அச்சுக்குக் கீழே போனால் சைன் குறை எண், இடது பக்கம் போனால் கோஸ் குறை எண். அவ்வளவுதான்.

இப்போது கேளுங்கள்: ஒரு சுற்றில் எத்தனை தடவை நாம் அரை உயரத்தில் இருப்போம்? ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. சைன் எக்ஸ் = 0.5 என்றால் 30 பாகை, அப்புறம் 150 பாகை. எட்டு வயதுப் பிள்ளைகூட ராட்டினத்தில் ஏறியிருந்தால் இதைச் சொல்லிவிடும். சைன் என்ற பெயரும் வட்டத்திலிருந்து வந்ததுதான். வில்லின் நாணைக் குறிக்கும் ஜியா என்ற வடமொழிச் சொல் அரபுக்குப் போய், அங்கே வேறு சொல்லாகப் படிக்கப்பட்டு, லத்தீனில் சைனஸ் ஆனது. ஆரியபட்டர் கணக்கிட்டது வட்டத்துக்குள் இழுத்த நாணின் பாதி நீளத்தை. முதலில் வந்தது வட்டம். நாம்தான் பிள்ளைகளுக்கு முக்கோணத்தை முதலில் காட்டுகிறோம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2 கோஸ்² எக்ஸ் + 3 சைன் எக்ஸ் = 0. இதில் சைனும் கோஸும் கலந்திருக்கின்றன. சைன்² + கோஸ்² = 1 என்ற முற்றொருமையால் கோஸ்² இருக்கும் இடத்தில் 1 − சைன்² போட்டுவிடலாம். நீங்கள் கேட்டால் மகளே சொல்வாள். ஒழுங்குபடுத்தினால் 2 சைன்² எக்ஸ் − 3 சைன் எக்ஸ் − 2 = 0. காரணிப்படுத்தினால் (2 சைன் எக்ஸ் + 1)(சைன் எக்ஸ் − 2) = 0. சைன் எக்ஸ் = 2 நடக்காது, ஆரம் 1 உள்ள ராட்டினத்தில் 2 உயரத்துக்கு யாரும் போக முடியாது. மிஞ்சுவது சைன் எக்ஸ் = −0.5.

இங்கேதான் உங்கள் மகள் தடுமாறுகிறாள் என்று நினைக்கிறேன். கால்குலேட்டரில் −0.5 போட்டுத் தலைகீழ் சைன் அழுத்துகிறாள். −30 வருகிறது. அது கேட்ட எல்லைக்குள் இல்லை, எனவே 360ஐக் கூட்டி 330 என்று எழுதிவிட்டு முடித்துவிடுகிறாள். 210 போய்விட்டது. கால்குலேட்டரைக் குறை சொல்ல முடியாது, அது ஒரே ஒரு விடை தரும்படி செய்யப்பட்ட கருவி. சைனுக்கு −90க்கும் 90க்கும் இடையில் ஒன்று, கோஸுக்கு 0க்கும் 180க்கும் இடையில் ஒன்று, அதற்குமேல் அது சொல்லாது. எனவே கால்குலேட்டரில் குறை அடையாளத்தைப் போடவே வேண்டாம். 0.5 மட்டும் போட்டு 30 என்ற அடிப்படைக் கோணத்தை எடுக்கட்டும். பிறகு ராட்டினத்தை வரையட்டும். உயரம் குறை எண், அதாவது இருக்கை அச்சுக்குக் கீழே. கீழே இடது பக்கம் ஒரு இடம், 180 + 30 = 210. கீழே வலது பக்கம் ஒரு இடம், 360 − 30 = 330. இரண்டையும் வட்டத்தில் புள்ளி வைத்துவிட்டுத்தான் விடை எழுத வேண்டும். புள்ளி வைக்காமல் எழுதுவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

பள்ளியில் 'ஆட் சுகர் டு காபி' என்று ஒரு வாய்பாடு சொல்லியிருப்பார்கள். சுக்குவான் (வட்டத்தின் கால் பகுதி) ஒன்றில் எல்லாம் கூட்டல் எண், இரண்டில் சைன் மட்டும், மூன்றில் டான் (சைனைக் கோஸால் வகுத்தது), நான்கில் கோஸ். தப்பில்லை. ஆனால் பிள்ளைகள் காபியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, எந்தச் சுக்குவானிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை மறந்துவிடுகிறார்கள். ராட்டினம் மறக்காது.

பாதி விடை தொலையும் இன்னோர் இடம் இருக்கிறது, இது நல்ல பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கிறது. சைன் 2எக்ஸ் = கோஸ் எக்ஸ் என்று கேள்வி. இரட்டைக் கோணச் சூத்திரப்படி 2 சைன் எக்ஸ் கோஸ் எக்ஸ் = கோஸ் எக்ஸ். இரண்டு பக்கமும் கோஸ் எக்ஸ் இருக்கிறதே என்று அடித்துவிடுகிறார்கள். சைன் எக்ஸ் = 0.5, 30, 150, முடிந்தது. 90உம் 270உம் எங்கே? அடித்த கோஸ் எக்ஸோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விட்டன. அடிக்கக் கூடாது. ஒரு பக்கம் கொண்டுவந்து பொதுக் காரணி எடுக்க வேண்டும்: கோஸ் எக்ஸ் (2 சைன் எக்ஸ் − 1) = 0. இப்போது நான்கு விடையும் கிடைக்கும்.

அப்படியானால் கோஸால் வகுக்கவே கூடாதா என்று மகள் கேட்பாள். கேட்க வேண்டும், ஏனென்றால் பாடநூலிலேயே சைன் எக்ஸ் = கோஸ் எக்ஸ் என்ற கணக்கில் கோஸால் வகுத்து டான் எக்ஸ் = 1, விடை 45, 225 என்று போட்டுக் காட்டுவார்கள். அங்கே சரி, இங்கே தப்பு என்றால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். எதனால் வகுக்கப்போகிறோமோ அது சுழியமாகும் இடம் முதல் சமன்பாட்டுக்கு விடையாகுமா என்று போட்டுப் பார்க்க வேண்டும். கோஸ் சுழியமாவது 90இலும் 270இலும். சைன் எக்ஸ் = கோஸ் எக்ஸில் 90 போட்டால் இடது பக்கம் 1, வலது பக்கம் 0. பொருந்தவில்லை. 270 போட்டால் −1உம் 0உம், அதுவும் பொருந்தவில்லை. ஆக, வகுப்பதால் எந்த விடையும் தொலையாது, தாராளமாக வகுக்கலாம். சைன் 2எக்ஸ் = கோஸ் எக்ஸில் 90 போட்டால் சைன் 180 = 0, கோஸ் 90 = 0. பொருந்துகிறது. ஆக 90 ஒரு விடை, வகுத்தால் தொலைந்துவிடும். 3 சைன் எக்ஸ் = 2 கோஸ் எக்ஸ் போன்றவற்றிலும் கோஸால் வகுக்கலாம், காரணம் அதேதான். சைன்² எக்ஸ் = சைன் எக்ஸ் கோஸ் எக்ஸ் என்று வந்தால் சைனால் வகுக்கக் கூடாது, 0, 180, 360 மூன்றும் போய்விடும். அதே கணக்கில் கோஸ்² ஆல் வகுக்கலாம், 90இலும் 270இலும் இடது பக்கம் 1, வலது பக்கம் 0, எனவே நஷ்டமில்லை. டான்² எக்ஸ் = டான் எக்ஸ் என்று வந்து ஐந்து விடையும் கிடைக்கும். இந்த ஒரு சோதனையைப் பழக்கிவிட்டால் போதும். நேரமில்லாத நாளில் வகுக்காமல் காரணி எடுப்பதே பத்திரம்.

2எக்ஸ் என்று வந்தால் ராட்டினம் இரண்டு சுற்று சுற்றுகிறது. சைன் 2எக்ஸ் = 0.5க்கு 30, 150, 390, 510 என்று 720 வரை எழுதிவிட்டு, கடைசியில்தான் இரண்டால் வகுக்க வேண்டும்: 15, 75, 195, 255. முதலிலேயே வகுத்தால் மறுபடி பாதிதான்.

கால்குலேட்டரில் ஒரு சோதனை. தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்ததும் சைன் 30 அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வர வேண்டும். −0.988 வந்தால் பாகைக்குப் பதில் ரேடியன் என்ற அளவில் இருக்கிறது. 0.454 வந்தால் கிரேடியன் என்ற மூன்றாவது அளவில் இருக்கிறது, நம் பாடத்துக்கு அது வேண்டவே வேண்டாம். கேள்வியின் எல்லை ரேடியனில் 2 பை (அதாவது 360 பாகை) என்று இருந்தால் விடையும் பையில்தான் போக வேண்டும்.

இனி அந்த ஏஜென்ட். 40 குறுக்குச் சூத்திரம் என்கிறாரே, அதுதான் எனக்குப் பயம். உங்கள் மகளுக்குச் சூத்திரம் குறையவில்லை. அடிப்படை முற்றொருமை மூன்று, அதிலும் ஒன்றைத் தெரிந்தால் கோஸ்² ஆலும் சைன்² ஆலும் வகுத்து மற்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் கூட்டல் கோணச் சூத்திரங்கள், அவற்றில் இரண்டு கோணத்தையும் சமமாக்கினால் இரட்டைக் கோணம். இதற்குமேல் மண்டையில் ஏற்றினால், எந்தச் சூத்திரம் எங்கே என்று தேடுவதிலேயே தேர்வு நேரம் போய்விடும். மனப்பாடம் செய்ய வைப்பது சுலபம், அதனால்தான் அதை விற்கிறார்கள். பிள்ளை வரைந்த வட்டத்தை ஒவ்வொன்றாகத் திருத்துவது கஷ்டம், அதற்கு ஆள் கிடைப்பதில்லை.

ஸ்பாட் கேள்வி என்று எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். திரிகோணமிதிச் சமன்பாடு வரும் என்பதைச் சொல்ல ஆருடம் எதற்கு, அது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி கைப்பேசியில் 'உண்மையான தாள்' வந்தது என்று பிள்ளைகளைத் தூங்கவிடாமல் செய்பவர்களை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். என் மாணவி ஒருத்தி அப்படி வந்த 12 கேள்விகளை விடிய விடிய மனப்பாடம் செய்துவிட்டு, காலையில் சுலபமான கேள்வியைக்கூட நடுங்கிக்கொண்டே எழுதினாள். அந்தத் தாளை விற்றவரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

'ஏ உறுதி' என்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஏ வராவிட்டால் பணம் திரும்பத் தருவதாக எழுதித் தருவீர்களா? அப்புறம், வகுப்பு எடுக்கப்போகும் ஆசிரியரை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஏஜென்டுக்குக் கமிஷன் வந்ததும் அவர் வேலை முடிந்துவிடும், மூன்றாவது வாரத்தில் ஆசிரியர் மாறினால் உங்கள் போனை எடுக்க மாட்டார். அவரிடம் நீங்கள் மாட்டிக்கொள்வது முழுப்பணத்தையும் முன்னால் கொடுப்பதால்தான். மாதம் மாதம் கட்டுகிற தாய்க்கு மரியாதை தானாக வரும்.

எனக்குக் கோபம் அந்த ஏஜென்ட் மீது மட்டுமில்லை. தமிழில் கணக்குப் படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் நிஸ்பா, சுக்குவான், ஹிப்போடெனுஸ் என்று புது மலாய்ச் சொற்களோடு அதே பாடத்தை மறுபடி கற்றுக்கொள்கிறது. படிவம் 3இல் முக்கோணம், படிவம் 4 கூடுதல் கணிதத்தில் சைன் விதி, கோசைன் விதி, படிவம் 5இல் கணிதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு ஆசிரியர் திரிகோணமிதி வரைபடம் நடத்துகிறார், கூடுதல் கணிதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் இன்னொரு ஆசிரியர் அதே வட்டத்தை வேறு மாதிரி நடத்துகிறார். இரண்டு பேரும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் பிள்ளைகளின் பாதிக் குழப்பம் தீரும். படிவம் 3 முடிவில் நடந்த பிடி3 தேர்வை 2022இல் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அழுத்தம் குறைந்தது, சந்தோஷம். ஆனால் படிவம் 3இல் விழுந்த ஓட்டையை யார் எப்போது பார்ப்பது என்பதற்கு வேறு ஏற்பாடு எல்லாப் பள்ளியிலும் ஒழுங்காக நடக்கவில்லை. எஸ்பிஎம்முக்கு ஆறு மாதம் இருக்கும்போது தாய்மார்கள் கண்டுபிடிக்கிறார்கள், கதவுக்கு வெளியே ஏஜென்ட் நிற்கிறார்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. பாடநூல் கல்வி அமைச்சின் டெலிமா இணையத்தளத்தில் இலவசமாக இருக்கிறது, மகளின் பள்ளிக் கணக்கு வழியாகத் திறக்கலாம். ஆறாம் அத்தியாயத்தின் சமன்பாட்டுப் பகுதியை எடுத்து, ஒரு நாளைக்கு நான்கு கணக்கு, அதற்குமேல் வேண்டாம். ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் வட்டம், வட்டத்தில் புள்ளிகள். எழுதிய ஒவ்வொரு விடையையும் முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். உங்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வட்டம் இருக்கிறதா, புள்ளி எத்தனை, விடை எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு முழுச் சுற்றில் சைன் 0.5க்கு ஒரே ஒரு புள்ளிதான் இருந்தால், இறங்கும்போது எங்கே என்று மட்டும் கேளுங்கள்.

மூன்று வாரம் இப்படிச் செய்தும் பாதி விடைதான் என்றால், அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளுடைய கூடுதல் கணித ஆசிரியரைப் பள்ளியில் போய்ப் பாருங்கள். பிள்ளை தப்புச் செய்த பக்கங்களோடு வரும் பெற்றோரை எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்ப மாட்டார். அவரே டியூஷன் வேண்டும் என்று சொன்னால், பக்கத்தில் மாதக் கட்டணத்துக்குச் சின்ன வகுப்பு எடுப்பவரைத் தேடுங்கள். முதல் வகுப்பில் அவர் சூத்திர அட்டையை நீட்டுகிறாரா, வட்டத்தை வரையச் சொல்கிறாரா என்று மகளிடம் கேட்டுவிட்டு அடுத்த மாதப் பணத்தைக் கொடுங்கள்.