டிஎன்ஏ பொருத்தத்தில் இனக்குழுவை ஏன் பார்க்கிறார்கள்?

குற்ற வழக்குகளில் டிஎன்ஏவை ஒப்பிடும்போது, ஆளுக்கு ஆள் டிஎன்ஏ வேறு என்றால் இனக்குழு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

ஆய்வகம் எண்ணுவது, எஸ்டிஆர் எனும் இடங்களில் ஒரு சிறு எழுத்துத் தொடர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதை. டிஎச்01 என்ற இடத்தில் 9.3 எனும் வடிவம் (9 முழுச் சுற்று, கூடவே 3 எழுத்து) ஐரோப்பிய வம்சாவளியினரிடம் சகஜம், கிழக்காசியரிடம் அரிது. ஆகவே எந்த இனக்குழுவின் அட்டவணையை (எந்த வடிவம் எவ்வளவு சகஜம் என்ற பட்டியலை) வைத்துக் கணக்கிடுகிறோமோ, அதைப் பொறுத்துச் சாட்சியமாகப் பொருத்தத்தின் எடை மாறும்.

அமெரிக்காவின் குற்றவியல் டிஎன்ஏ தரவுத்தளமான கோடிஸ் 2017 முதல் 20 இடங்களைப் பார்க்கிறது. அத்தனையும் பொருந்தினால் எந்த அட்டவணையிலும் தற்செயல் வாய்ப்பு மிக மிகக் குறைவுதான். நான் அஞ்சுவது சிதைந்த மாதிரியை நினைத்து: சில இடங்களே கிடைக்கும்போது, அதுவும் தமக்குள்ளேயே மணம் முடிக்கும் சிறு சமூகம் என்றால், தவறான அட்டவணை ஒரு நிரபராதியைச் சிக்கவைக்கலாம். அதற்காகவே, குழுவுக்குள் இருக்கும் உறவு நெருக்கத்தைக் கணக்கில் எடுக்கும் தீட்டா என்ற திருத்தம் சேர்க்கிறார்கள், வழக்கமாக 0.01, தனித்து வாழும் சிறு குழுக்களுக்கு 0.03.